ஆடக்கூடாத பக்கம்

வண்டியில் கோளாறு இருப்பது கடைசியாகத் தெரிவது அதைத் தினமும் ஓட்டுகிறவருக்குத்தான். என்ஜின் என்றால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். பிரேக் தேய்ந்தால் காலுக்குத் தெரியும். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்வதற்கு அப்படி ஓர் அறிவிப்பு கிடையாது. ஒரு மழைக்காலத்துக்கும் அடுத்த மழைக்காலத்துக்கும் இடையே ஒரு மயிரிழை இடைவெளி கூடும். அந்த மயிரிழைக்கு இடுப்பும் தோளும் கேட்காமலே ஈடுகொடுத்துவிடும். லஸ் முனையில் திரும்பும்போது ஹேண்டிலை ஒரு தடவைக்கு இரண்டு தடவை திருத்துகிறோம். மந்தைவெளியில் பஸ்ஸுக்குப் பின்னால் பிரேக் பிடிக்கும்போது முழங்கால்களால் டேங்க்கை இறுக்கிக்கொள்கிறோம். வண்டியின் குறையை உடம்பு வாங்கிக்கொள்கிறது, மனதுக்குச் செய்தி போவதில்லை.

என் வண்டியின் சேதியைச் சொன்னவன் மைத்துனன். அடையாறு வரைக்கும் இரவல் வாங்கிக்கொண்டு போனவன், திரும்பி வந்து சாவியைக் கொடுக்கும்போது, "பின்னாடி வழுக்கிக்கிட்டே வருது மாமா. டயர்ல காத்து இருக்கா?" என்றான். காற்று சரியாகத்தான் இருந்தது. வேறு வண்டிக்குப் பழகிய உடம்பு அவனுடையது, அதனால் அவனுக்குத் தெரிந்தது.

மெக்கானிக் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினார். முதலில் பின்சக்கரத்தின் ரிம்மை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார். ஆடியது. அதிலிருந்து எதுவும் முடிவுகட்ட முடியாது, சக்கரத்தின் பேரிங் போயிருந்தாலும் அப்படித்தான் ஆடும். அடுத்து சக்கரத்தை விட்டுவிட்டு ஆர்மின் பின்முனையையே பிடித்து இழுத்துத் தள்ளினார். என்னைக் கூப்பிட்டு, சேஸிஸும் ஆர்மும் சேருகிற இடுக்கில் கட்டைவிரலை வைக்கச் சொன்னார். அவர் தள்ளத் தள்ள, விரலடியில் இரும்பு நகர்ந்து திரும்பியது. கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனால் விரல் ஏமாறவில்லை. "பேரிங் இல்ல சார், ஆர்ம்லதான் பிளே இருக்கு" என்றார். அதன்பின் கோளாறு எங்கே என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ஸ்விங் ஆர்ம் செய்கிற வேலை கதவுக்குக் கீல் செய்கிற வேலை. கியர்பாக்ஸுக்குப் பின்னால், சேஸிஸின் குறுக்கே ஓடும் ஒரு நீண்ட போல்ட்டில் அது தொங்குகிறது. பின்முனையில் சக்கரம், நடுவிலோ முனைக்குச் சற்று முன்னாலோ ஷாக் அப்சார்பர்கள். பள்ளத்தில் இறங்கினால் கீழே போகலாம், மேடு வந்தால் மேலே வரலாம். அந்த ஒரு திசையில் அதற்கு முழுச் சுதந்திரம். பக்கவாட்டில் நகரவோ முறுக்கிக்கொள்ளவோ இம்மியும் அனுமதி இல்லை. மேலும் கீழும் போகும் அசைவு தடையற்றதாகவும் மற்ற எல்லா அசைவும் பூஜ்யமாகவும் இருக்க வேண்டும் என்ற இரண்டு எதிரெதிர்க் கோரிக்கைகளையும் ஒரே இடத்தில் நிறைவேற்றுவது அந்தப் போல்ட்டைச் சுற்றி அமர்ந்த, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத இரண்டு புஷ்கள். வண்டி முழுவதிலும் எனக்கு மிக வியப்பான இடம் இதுதான்.

பக்கவாட்டு இடைவெளி கொஞ்சம் இருந்தால் என்ன என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு புஷ்களுக்கும் நடுவே 20 செ.மீ., புஷ்ஷிலிருந்து பின் அச்சு வரை 50 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு புஷ்ஷிலும் அரை மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால், பின் அச்சு இருபுறமும் சேர்த்து ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் அலையும். அலைவதோடு சக்கரத்தின் முகமும் திரும்பும். செயின் ஒரு பக்கமாகத்தான் இழுக்கிறது, ஆகவே ஆக்சிலரேட்டரை முறுக்கினால் சக்கரம் ஒரு பக்கம் பார்க்கும், விட்டால் மறுபக்கம் பார்க்கும். முன்சக்கரத்தைத் திருப்ப நமக்கு ஹேண்டில் இருக்கிறது. பின்சக்கரம் தானாகத் திரும்பத் தொடங்கினால் அதைப் பிடிக்க எதுவும் இல்லை. காய்ந்த சாலையில் இது வெறும் அசௌகரியம். மழை நாளில் மெட்ரோ வேலைக்காகப் போட்ட இரும்புத் தகட்டின்மேல் பிரேக் பிடிக்கும்போது இதே விஷயம் உயிர்ப் பிரச்சினை.

மோட்டார் சைக்கிள்களுக்கு எப்போதும் இந்த உறுப்பு இருந்ததில்லை. பின்சக்கரத்தைச் சேஸிஸோடு இறுக்கிவிட்டு, சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வைத்து ஓட்டிய காலம் நீண்டது. பள்ளத்தின் அடியை முதுகெலும்பு வாங்கிக்கொண்டது. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் ராயல் என்ஃபீல்டு தன் புல்லட்டின் மாதிரி வண்டிகளை 1948இல் ஸ்விங் ஆர்மோடு போட்டிக்கு இறக்கியபோது, கரடுமுரடான பாதையில் ஓடும் போட்டி வண்டிக்கு இத்தனை இளகிய பின்பாகம் சரிப்பட்டு வருமா என்று சந்தேகப்பட்டவர்கள் பலர். சக்கரம் தரையை விட்டு எழாமல் இருப்பதால்தான் பிடிமானமே கிடைக்கிறது என்பதைப் போட்டி முடிவுகள் காட்டின. அடுத்த ஆண்டே அது விற்பனைக்கு வந்துவிட்டது. மெட்ராஸ் மோட்டார்ஸ் அதை இங்கே இறக்குமதி செய்தது. எல்லைக் காவலுக்கென்று 1950களில் அரசு 800 புல்லட்டுகள் கேட்டது. 1955இல் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் ரெட்டிச்சிலிருந்து வந்த பாகங்களைக் கோத்தார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே வார்த்து, கடைந்து, பற்றவைக்கப்பட்டன. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது, திருவொற்றியூர் தொடர்ந்தது. குழாயை வளைத்துப் பற்றவைத்து, இரு கரங்களும் ஒரே தளத்தில் நிற்கும்படி ஆர்ம் செய்யும் வித்தை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஊரின் வித்தை. சென்னைக்காரர்கள் இதைப் பெருமையோடு சொல்லிக்கொண்டு நான் கேட்டதில்லை. சொல்லிக்கொள்ளலாம்.

அதே ஊர்தான் ஆர்மைத் தின்னவும் செய்கிறது. மயிலாப்பூரிலும் சாந்தோமிலும் பெசன்ட் நகரிலும் உப்புக்காற்றுக்கு வெளியே தெரியும் இரும்பை விட உள்ளே மறைந்த இரும்புதான் இஷ்டம். வெளியில் படியும் உப்பைத் துடைத்துவிடுகிறோம், மழையும் கழுவிவிடுகிறது. போல்ட்டுக்கும் புஷ்ஷின் உள்குழாய்க்கும் நடுவே இறங்கிய ஈரம் வெளியே வர வழியே இல்லை. துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். ஆகவே உள்ளேயே வீங்கி, போல்ட்டையும் குழாயையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது.

வெள்ளம் வந்தால் இது பல மடங்கு. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் ஜாபர்கான்பேட்டையிலும் ஏறியபோது எத்தனையோ வண்டிகள் ஹேண்டில் வரை மூழ்கிக் கிடந்தன. தண்ணீர் வடிந்ததும் மெக்கானிக்குகள் இராப்பகலாக வேலை செய்தார்கள். என்ஜின் ஆயிலை மாற்றினார்கள், கார்புரேட்டரைக் கழுவினார்கள், ஒயரிங்கைக் காயவைத்தார்கள். வண்டி ஸ்டார்ட் ஆனதும் உரிமையாளர் கும்பிட்டு எடுத்துப்போனார். ஆர்ம் போல்ட்டை உருவி, துடைத்து, கிரீஸ் வைக்க அப்போது யாருக்கும் நேரம் இல்லை, அதைக் கேட்கவும் ஆள் இல்லை. அந்தச் சேற்றுத் தண்ணீர் பிறகு வருஷக்கணக்கில் உள்ளே வேலை பார்த்தது. மிக்ஜாம் புயல் மழை 2023 டிசம்பரில் திரும்ப வந்து அதே பாடத்தை நடத்திவிட்டுப் போயிற்று.

சுமையையும் சொல்ல வேண்டும். வண்டியை வடிவமைக்கிற பொறியாளர் ஓட்டுபவரையும் பின்னால் இருப்பவரையும் நடுக்கோட்டில் உட்காரவைத்துத்தான் கணக்கைத் தொடங்குவார். நம் தெருவில் பின்சீட்டுக்காரர் புடவையோடு ஒருக்களித்து, இரண்டு கால்களையும் இடது பக்கம் போட்டு, மடியில் பையையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு உட்கார்கிறார். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால்வைக்க இடமும், துணி சிக்காதபடி பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பும் வேண்டும் என்கிறது. புடவைக்குச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. ஒருபக்கமாக விழும் அந்தப் பாரத்தை ஒவ்வொரு வேகத்தடையிலும் தாங்கிக்கொள்வது புஷ். தண்ணீர்க் கேன் போடுகிற பையன்கள் இருபது லிட்டர் கேன்களை இரண்டு பக்கமும் மாட்டிக் கிளம்பி, ஒரு பக்கத்துக் கேன் காலியாகிக்கொண்டே போக, மறுபக்கம் கனத்தபடியே மாம்பலம் முழுக்கச் சுற்றுகிறார்கள். இதோடு லஸ்ஸிலும் மந்தைவெளியிலும் பனகல் பூங்காவிலும் மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்காகச் சாலையைத் திருப்பித் திருப்பி விட்ட ஒட்டுப்பாதைகள். இத்தனைக்கும் பிறகு ஒரு புஷ் பத்தாண்டு தாங்கினால் அதைச் செய்தவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

புஷ் எல்லா வண்டியிலும் ஒரே வகை இல்லை. பழைய வண்டிகள் சிலவற்றில் உலோகம், சிலவற்றில் நைலான், விலை கூடியவற்றில் ஊசி பேரிங். உலோகப் புஷ் போடும் வேலையை நான் நிதானமாகப் பார்த்தது நண்பர் ஒருவருடைய பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிக்காகப் புதுப்பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போனபோது. உதிரிபாகம் எங்கும் கிடைக்கவில்லை. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஏறி இறங்காத கடை இல்லை. லேத்காரர் கன்மெட்டல் தடி ஒன்றை எடுத்து மாட்டினார். செம்பு 88, வெள்ளீயம் 10, துத்தநாகம் 2 என்பது அந்தக் கலவையின் பழைய சூத்திரம். எஃகுப் போல்ட்டோடு உரசும்போது தான் தேய்ந்து போல்ட்டைக் காப்பாற்றுகிற உலோகம். அந்தப் பட்டறையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த வெண்கலக் கலங்கள் இருக்கின்றன. அவையும் செம்பும் வெள்ளீயமும்தான். அந்தக் கலவையைக் கையாளத் தெரிந்தவர்கள் இந்த நிலத்தில் ஒருநாளும் அற்றுப்போகவில்லை என்பது லேத்தின் அடியில் பொன்னிறச் சுருள் குவிவதைப் பார்த்தபோது எனக்கு மனப்பூர்வமான சந்தோஷம்.

ஆனால் அவருடைய கைத்திறனை நான் கண்டது கடைசலில் இல்லை, அதற்குப் பிறகு. புஷ்ஷை ஆர்மின் குறுக்குக் குழாய்க்குள் அழுத்திப் பொருத்தியதும் அது வெளியிலிருந்து நெருக்கப்பட்டு உள்விட்டம் சற்றுக் குறைந்துவிடும். லேத்திலேயே போல்ட்டின் அளவுக்குச் சரியாகக் கடைந்து முடித்துவிட்டால், பொருத்தியபின் போல்ட் நுழையாது. அவசரக்காரர்கள் சுத்தியலை எடுப்பது அந்த இடத்தில்தான். இவர் உள்விட்டத்தில் கொஞ்சம் சதை விட்டுவைத்திருந்தார். இரண்டு புஷ்களையும் அழுத்தியபின், நீளமான ஒற்றை ரீமரை ஒரு முனையில் நுழைத்து, இரண்டுக்கும் ஊடாக ஒரே ஓட்டமாகத் திருகிக்கொண்டு போனார். இரண்டு துளைகளும் ஒரே நேர்கோட்டில் அமைய வேறு வழியில்லை. பின் போல்ட்டை எண்ணெய் தொட்டு நுழைத்து, ஆர்மைக் கிடைமட்டமாகத் தூக்கிப் பிடித்துக் கையை எடுத்தார். தடுக்காமல், தொங்காமல், தன் எடையில் நிதானமாக இறங்கியது. பக்கவாட்டில் அசைத்துக் காட்டினார், அசையவில்லை. கூலியாக அவர் கேட்ட தொகை இந்த அறிவுக்குக் கொஞ்சமும் ஈடாகாது. கூடுதலாகக் கொடுத்தபோது, வெல்டிங் செலவு இல்லையே என்று திருப்பிக் கொடுக்கப் பார்த்தார்.

என் வண்டியில் இருந்தது ரப்பர் புஷ். இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே ரப்பரை ஒட்டிவைத்த அமைப்பு. வெளிக்குழாய் ஆர்மோடு இறுகியிருக்கும், உள்குழாய் போல்ட்டின் பிடியில் சேஸிஸோடு இறுகியிருக்கும். எதுவும் எதன்மேலும் உரசாது. ஆர்ம் ஏறி இறங்க, நடுவிலிருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்பும், அவ்வளவுதான். கிரீஸ் வேண்டாம், பராமரிப்பு வேண்டாம் என்பது அதன் சிறப்பு. அந்தச் சிறப்பினாலேயே யாரும் அதைத் திறந்து பார்ப்பதும் இல்லை. திறந்து பார்க்கும் நாளில் போல்ட் வருவதில்லை.

என் வண்டியிலும் வரவில்லை. நட்டைக் கழற்றி, எண்ணெய் ஊற்றி ஒரு இரவு ஊறவிட்டு, கேஸ் விளக்கால் சூடேற்றி, செம்புத் துண்டு ஒன்றை இடையில் வைத்துச் சுத்தியலால் அடித்தும் போல்ட் அசையவில்லை. முரட்டு அடி அடித்தால் சேஸிஸின் காதுகள் வளைந்துவிடும் என்று மெக்கானிக் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். ஹேக்ஸா பிளேடு ஒன்றைச் சட்டத்திலிருந்து கழற்றி, ஒரு முனையில் துணி சுற்றி, சேஸிஸுக்கும் ஆர்முக்கும் நடுவே இருந்த மெல்லிய இடுக்கில் நுழைத்தார். அங்கே முழு ரம்பத்துக்கு இடமில்லை. பிளேடை வெறும் கையால் இழுத்து இழுத்து, எஃகுப் போல்ட்டை ஒரு பக்கம் அறுத்து, பின் மறுபக்கம் அறுத்தார். மதியம் முழுக்க அந்த வேலைதான். நடுவில் பிளேடுகள் மாறின, கைமட்டும் மாறவில்லை. சேஸிஸில் ஒரு கீறல்கூட விழவில்லை.

ஆர்ம் வெளியே வந்தபின்தான் மாற்றுவதா, சீர்செய்வதா என்ற கேள்வியே எழுந்தது. இதில் என் அபிப்பிராயம் உறுதியானது. புஷ் மட்டும் போயிருந்தால் புஷ்ஷை மாற்ற வேண்டும், நல்ல ஆர்மைத் தூக்கிப் போடுவது பாவம். குறுக்குக் குழாயின் துளையே அகன்று முட்டை வடிவமாகியிருந்தாலோ, செயின் அட்ஜஸ்டர் ஓடும் இடத்திலோ ஷாக் அப்சார்பர் மாட்டும் இடத்திலோ வெடிப்பு தெரிந்தாலோ, அதைப் பற்றவைத்து ஓட்டக் கூடாது. வெல்டிங் சூட்டில் குழாய் தன் இஷ்டத்துக்கு வளையும். மேலே பூசிய கறுப்புப் பெயிண்டுக்கு அடியில் அந்த வளைவு கண்ணுக்குத் தெரியாது. என் ஆர்மில் மெக்கானிக் டார்ச்சை ஒரு கரத்தின் பின்முனையில் வைத்து அடித்து, உள்ளே பார்க்கச் சொன்னார். உட்புறம் இலை இலையாக உரிந்திருந்தது. அடிப்பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரின் முனையால் குத்தினார், முனை உள்ளே இறங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் முழு ஆரோக்கியம். மாற்றியே ஆக வேண்டும் என்பதில் பேச்சுக்கு இடமில்லை.

பழைய ஆர்ம் ஒன்றைப் புதுப்பேட்டையில் பாதி விலைக்கு வாங்கிவிடலாம் என்று பலர் சொன்னார்கள். புதுப்பேட்டைமேல் எனக்கு மரியாதை உண்டு. உற்பத்தி நின்றுபோன வண்டிகளை அந்தத் தெருக்கள்தான் உயிரோடு வைத்திருக்கின்றன. ஆனால் ஆர்ம் விஷயத்தில் ஒரு சங்கடம். சேஸிஸுக்கு எண் உண்டு, என்ஜினுக்கு எண் உண்டு, இரண்டும் ஆர்.சி. புக்கில் ஏறியிருக்கும். ஆர்மை ஆர்.சி. புக் அறியாது. எந்த வண்டியிலிருந்து வந்தது, எந்த லாரியில் மோதியது, எந்த வெள்ளத்தில் கிடந்தது என்று கேட்க வழியில்லை. போல்ட் துளையிலும் அச்சுத் துளையிலும் ஒவ்வொரு நேரான கம்பியை நுழைத்து, இரண்டும் இணையாக நிற்கின்றனவா என்று பார்த்து வாங்கத் தெரிந்தவர் கூட வந்தால் போகலாம். உற்பத்தியில் இருக்கும் வண்டிக்குப் புதிதே வாங்கிவிடுவது நல்லது. நான் புதிதே வாங்கினேன்.

மாட்டும்போது மெக்கானிக் செய்த ஒரு காரியத்தைப் பல இடங்களில் செய்வதில்லை. போல்ட்டைக் கிரீஸ் தடவி நுழைத்தார், நட்டை விரலால் மட்டும் ஏற்றினார். ஷாக், சக்கரம், செயின் எல்லாம் மாட்டி, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். "ஏறி உக்காருங்க சார். தம்பி, நீயும் பின்னாடி ஏறு" என்று உதவிக்கு இருந்த பையனையும் ஏற்றினார். நாங்கள் உட்கார, ஆர்ம் சவாரி நிலைக்கு வந்தது. அப்போதுதான் ஸ்பானரைப் போட்டு முழுக்க இறுக்கினார். ஸ்டாண்டில் சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், உள்குழாய் அந்த நிலையில் பூட்டிக்கொள்ளும். ஆள் ஏறிய கணத்திலிருந்து ரப்பர் ஓயாமல் முறுக்கிலேயே இருக்கும், சீக்கிரமே கிழியும். புதுப் புஷ் ஒரு வருஷத்தில் போய்விட்டது, கம்பெனி சாமானே மட்டம் என்று புலம்புகிறவர்கள், எந்த நிலையில் இறுக்கினார்கள் என்று விசாரிப்பது நல்லது.

இந்த வேலைகளுக்கெல்லாம் ஆயுள் எவ்வளவு என்று தெரியவில்லை. இன்று தி. நகரில் நிற்கும் வண்டிகளில் கணிசமானவை ஸ்கூட்டர்கள். பெட்ரோல் ஸ்கூட்டரில் தனி ஆர்மே கிடையாது, என்ஜினே சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. மின்சார வண்டிகள் ஆளுக்கொரு விதமாகச் செய்கின்றன. அது பரவாயில்லை, வடிவம் மாறட்டும். என் கவலை வேறு. புஷ் எங்கே தனியாக வருகிறது, ஆர்மோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும் என்ற பதில் ஸ்பேர்ஸ் கவுண்டர்களில் காதில் விழத் தொடங்கியிருக்கிறது. கைப்பிடிக்குள் அடங்கும் ரப்பருக்காக முழம் நீள இரும்பை வாங்கு என்பது இதன் அர்த்தம்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டுச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். அந்த டிசம்பரில் இணையதளமும் வந்தது. அந்த உரிமை கைபேசித் திரையோடு நின்றுவிடாமல் ஸ்விங் ஆர்ம் புஷ் வரைக்கும் வர வேண்டும். உதிரிபாகப் பட்டியலில் புஷ்ஷுக்குத் தனி எண், தனி விலை. வண்டியின் உற்பத்தி நின்றபின்னும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அது கிடைக்கும் என்ற உறுதி. உள்விட்டம், வெளிவிட்டம், நீளம் மூன்றையும் மறைக்காமல் அச்சிட்ட ஒரு தாள். இவ்வளவு இருந்தால் மிச்சத்தைப் புதுப்பேட்டை லேத் பார்த்துக்கொள்ளும்.